இரவல் நடை

பொங்கியண்ணனின் இடுப்பு நடமாடும்போது நாற்பது அங்குலம். படுத்தால் முப்பத்தொன்று.

திரையில் இந்த இரண்டு எண்களையும் பார்த்ததும் கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டை, தன் கொக்கி எந்த அளவில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தானாகவே பதிந்துகொள்ளும். படுத்தால் யாருக்கும் வயிறு கொஞ்சம் தட்டையாகும், சரி. ஒன்பது அங்குலமா தட்டையாகும்? அதுவும் ஒருநாள் இரண்டுநாள் இல்லை. நான்கு மாதமாக மனிதர் சாயங்காலமானால் இளைத்து, விடிந்தால் பெருத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் அவர் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். காலையில் எடைமேடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், பெஞ்சிலிருந்து அப்படியே சரிந்திருக்கிறார். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. எழுபத்திரண்டு வயது, பழைய சர்க்கரை நோயாளி. ஏறுவதுதான் வழக்கம், இப்படி இறங்கியதே இல்லை.

எங்கள் ஆய்வோ எலும்பைப் பற்றியது. எலும்புக்காகக் கட்டிவிட்ட பட்டை சர்க்கரையை ஏன் இறக்கியது? எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டும் இருந்தது.

எலும்பைத் தூண் என்று நினைத்தால் எதுவும் புரியாது. அது ஓயாமல் மராமத்து நடக்கும் சாலை. ஒரு கூட்டம் செல்கள் பழையதைக் கொத்தி எடுத்துக்கொண்டே போகும். பின்னாலேயே இன்னொரு கூட்டம் புதிதாகப் பூசிக்கொண்டு வரும். எங்கே பூச வேண்டும் என்று சொல்வது மூன்றாவது கூட்டம். அவை எலும்புக்குள்ளேயே, ஆளுக்கொரு சின்ன அறையில், சுற்றிலும் துளி நீரோடு அடைபட்டுக் கிடக்கும். நாம் காலை ஊன்றினால் எலும்பு மயிரிழை அளவு வளைகிறது. அந்த வளைவில் அறைக்குள் இருக்கும் நீர் அலம்புகிறது. உடனே அந்தச் செல், 'இங்கே பாரம் விழுகிறது, ஆளை அனுப்பு' என்று குரல் கொடுக்கிறது. இப்படித்தான் நடை எலும்பாகிறது.

எங்கள் ஆய்வில் இருந்தவர்களைப்போல ஹெச்.ஐ.வி.யோடு வாழ்ந்து வயதானவர்களுக்கு இந்த மராமத்து மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிசகிவிடுகிறது. மாத்திரை கிருமியைக் கட்டிப்போட்டாலும் உடலுக்குள் ஒரு மெல்லிய கனல் அணைவதில்லை. அந்தக் காலத்து மாத்திரைகள் சில எலும்பையும் கொஞ்சம் கரைத்தன. உயிர் தங்கினால் போதும் என்று கொடுத்த மாத்திரைகள் அவை, உயிர் தங்கியது. இவர்கள் தலைநரைக்கும்வரை இருப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இருந்தார்கள். அறுபது வயதில் எண்பது வயது எலும்பும், கூடவே சர்க்கரையும் கொழுப்பும் வந்து சேர்ந்தன.

எலும்பைக் கட்ட நல்ல வழி குதிப்பது. ஆனால் உடையக்கூடிய எலும்பு உள்ளவரை எப்படிக் குதிக்கச் சொல்வது? அதற்குத்தான் பட்டை. விழித்திருக்கும்போது அது உங்கள் நடையைக் கேட்டுக்கொள்ளும். நீங்கள் படுத்ததும் அதே நடையை, குதித்தால் எவ்வளவு அதிருமோ அவ்வளவுக்குப் பெரிதாக்கி, வலியில்லாமல் இடுப்பெலும்புக்குள் அனுப்பும். பால் வாங்க மெதுவாகப் போய்வந்தவரின் எலும்பு, தான் ஓடியாடியதாக நம்பிக்கொள்ளும். அவரவர் நடை அவரவர் எலும்புக்கு என்பதுதான் எங்கள் விதி.

விதி அழகாக இருந்தது, பலன் சுமாராக இருந்தது. நான்கு மாதத்தில் பெரும்பாலோருக்கு எலும்பு நத்தை வேகத்தில்தான் கூடியிருந்தது. இரண்டே பேருக்குக் கிடுகிடுவென்று ஏறியது. ஒருவர் பொங்கியண்ணன். இன்னொருவர் சாந்தாமணி. இருவருக்கும் கல்லங்காட்டுவலசில் ஒரே வளவில், ஒரு முற்றத்தைச் சுற்றி எதிரெதிர் வீடுகள். தண்ணீரில் ஏதாவது இருக்குமோ என்று அந்த வளவின் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப்போய்ப் பரிசோதித்தவள் நான்.

இப்போது சாந்தாமணியின் பட்டைப் பதிவைத் திறந்தேன். நடமாடும்போது முப்பத்தொன்று. படுத்தால் நாற்பது.

நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சிரித்துவிட்டேன்.

மருத்துவமனைக்குப் போனபோது சாந்தாமணி அங்கேதான் இருந்தார். அறுபத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, இடது பக்கம் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பார். பொங்கியண்ணனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. நான் சுற்றி வளைக்கவில்லை.

"படுத்தா ஒன்பது அங்குலம் இளைக்கறீங்களே, எந்த வைத்தியருங்க?"

பொங்கியண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். சாந்தாமணி தம்ளரைக் கீழே வைத்தார்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங் அம்மிணி. நாந்தான் கேட்டேன்."

கேட்டது அவருடைய இடது காலை. பொங்கியண்ணன் லாரி ஓட்டுநராக இருந்தவர். கிளட்ச் மிதித்து மிதித்து, முதல் ஸ்கேனிலேயே அவருடைய இடது கால் எலும்பு மட்டும் மற்றவர்களைவிடத் தேறியிருந்தது. அதை நான்தான் ஆய்வில் இருப்பவர்களின் கூட்டத்தில் பெருமையாகப் படம் போட்டுக் காட்டியிருந்தேன். சாந்தாமணிக்குத் தேய்ந்திருந்தது இடது இடுப்பு. பட்டையில் நடை ஏறுகிறது, பட்டையிலிருந்து நடை இறங்குகிறது என்றால், நல்ல காலின் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டால் நல்ல கால் வராதா என்று அவர் யோசித்திருக்கிறார். சாயங்காலம் மஞ்சள் பையில் பட்டை மாறும். விடிந்ததும் திரும்ப மாறும்.

மாற்றிக்கொள்வது அவர்களுக்குப் புதிதல்ல. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரே மையத்தில் ஹெச்.ஐ.வி. மாத்திரை வாங்குகிறவர்கள். மையத்தில் மாத்திரை வந்துசேராத வாரங்கள் முன்பெல்லாம் உண்டு. ஒரு வேளைகூட விடக்கூடாத மாத்திரை அது. அப்போது கையிருப்பு உள்ளவர் இல்லாதவருக்கு அட்டையை ஒடித்துக் கொடுப்பார். அடுத்த முறை கை மாறும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த பழக்கம். மாத்திரையைக் கொடுத்தவர்கள் பட்டையையும் கொடுத்துக்கொண்டார்கள்.

"வளவுல என்ன பேசுறாங்க தெரியுமாங் அம்மிணி?" என்றார் பொங்கியண்ணன். "பொழுது சாய்ஞ்சா ஒரு பை இந்த வூட்டுக்குப் போகுது, விடிஞ்சா அந்த வூட்டுக்கு வருதுன்னு. இந்த வயசுல என்னையப் பத்தி ஊர் இப்படிப் பேசறது நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க வந்து கெடுத்துப்போட்டீங்க."

"வாயப் பாரு. மொதல்ல கஞ்சியக் குடிங்ண்ணா" என்றார் சாந்தாமணி.

பொங்கியண்ணன் கழிவறைக்குப் போகக் கட்டிலை விட்டு இறங்கினார். காலை ஊன்றித் திரும்பும்போது அவருடைய இடது குதிகால் தரையை இரண்டு முறை தட்டியது. டக்டக். அவருக்கே தெரியவில்லை. எனக்கு அந்தத் தட்டு எங்கேயோ பழகியதாக இருந்தது. கொஞ்சம் யோசித்ததும் பிடிபட்டது: அது சாந்தாமணியின் பதிவில் வருவது.

அந்தப் பதிவில் இன்னொரு புதிரும் இருந்தது. தாங்கி நடக்கும் ஒரு பெண்ணுக்குப் பக்கவாட்டு எட்டுகளும், சுழற்சியும், சின்னச் சின்னத் துள்ளல்களும் எங்கிருந்து வந்தன? கேட்டேன். சாந்தாமணி முதல்முறையாக வெட்கப்பட்டார்.

வள்ளிக்கும்மி. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் குழு இருக்கிறது. ஒரே நிறச் சேலை கட்டிய நூற்றுக்கணக்கான பெண்கள் மைதானத்தில் வட்டம் வட்டமாக நின்று வள்ளி கதையை ஆடுவார்கள். தையில் அரங்கேற்றம். சாந்தாமணிக்கு அந்த வட்டத்தில் நிற்க வேண்டும். புருசன் இறந்த வருடம் ஊர் தன்னைத் தள்ளி நிறுத்தியதிலிருந்து, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டுவது ஒன்றைத்தான் அவர் ஆசைப்பட்டிருக்கிறார். கும்மி சொல்லிக்கொடுக்கும் நாகேஸ்வரி டீச்சர் மறுக்கவுமில்லை, சேர்க்கவுமில்லை. ஆடும்போது விழுந்து இடுப்பு உடைந்து ரத்தம் வந்தால் எந்தப் பிள்ளை தைரியமாகத் தூக்கும் என்று நாசூக்காகக் கேட்டிருக்கிறார். இடுப்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் மறுநாளே வரலாம். இல்லாவிட்டால் நாற்காலி போட்டு உட்காரலாம் என்றாராம்.

அந்தக் காகிதத்துக்காகத்தான் இத்தனையும். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் தனியாகக் கும்மி பழகியிருக்கிறார். இடது கால் இடறிவிடுமோ என்ற பயத்தில், திரும்பும்போது தரை உறுதிதானா என்று குதிகாலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துக்கொள்வாராம்.

நான் அங்கிருந்து எப்படி ஆய்வு மையத்துக்கு வந்தேன் என்றே தெரியவில்லை. எங்கள் தலைவர் டாக்டர் ஷாகிராவிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"விதிமீறல்" என்றார் அவர். "ஒருத்தர் மயங்கியும் விழுந்திருக்கார். ரெண்டு பட்டையையும் கழட்டணும்."

"கழட்டலாம் மேடம். அதுக்கு முன்னாடி ஸ்கேனைப் பாருங்க. உங்க வீட்டுக்குப் பக்கத்துல அரிசி மில் இருக்குதில்ல, அந்தச் சத்தத்துல எப்படித் தூங்கறீங்க?"

"பழகிடுச்சு. காதுல விழறதே இல்ல."

"எலும்புக்கும் அதேதான். அறுபது வருசமா கேட்ட சொந்த நடை, அதுக்கு அரிசி மில். நாம அதையே இன்னும் சத்தமா போட்டுக் காட்டிட்டிருந்தோம். இவங்க ரெண்டு பேர் எலும்புலதான் புதுசா ஒரு ஆள் நடந்தாங்க. அது திடுக்கிட்டு எந்திரிச்சிருச்சு."

டாக்டர் ஷாகிரா இரண்டு ஸ்கேன்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். சாந்தாமணிக்குப் பொங்கியண்ணனின் கிளட்ச் கால் வேலை செய்திருந்தது. ஆனால் அது பலமான கால் என்பதால் அல்ல, பழகாத கால் என்பதால். பொங்கியண்ணனுக்குக் கிடைத்ததோ கும்மி. நேர்ச்சாலையில் போகும் நடை அல்ல அது. பக்கத்தில் ஒரு எட்டு, ஒரு சுழற்சி, ஒரு துள்ளல், நடுவில் ஓய்வு. ஆயுளில் ஒருமுறைகூட அடி விழாத இடங்களில் எல்லாம் எலும்புக்கு அடி விழுந்திருக்கிறது.

"சர்க்கரை?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"எலும்பு சும்மா இருக்கற உறுப்பு இல்லையே. தன்னைக் கட்டும்போது ரத்தத்துல ஒரு புரதத்தை விடும். அது கணையத்துக்குப் போய் இன்சுலினைச் சுரக்கச் சொல்லும், தசைகிட்டச் சர்க்கரையை எடுத்துக்கன்னு சொல்லும். அவருக்கு எலும்பு அவ்வளவு வேகமா கட்டியிருக்கு. அவரோ பழைய அளவுலயே மாத்திரை போட்டுட்டிருந்தார். எலும்பு ஒரு பக்கம் இறக்க, மாத்திரை ஒரு பக்கம் இறக்க, மனுசன் பெஞ்சுல இருந்து இறங்கிட்டார்."

அவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பட்டை மாறியதை எழுதினால் இருவரும் ஆய்விலிருந்து நீக்கப்படுவார்கள். இரவல் நடையை வைத்துப் புது ஆய்வுக்கு அனுமதி வாங்க ஒரு வருடம்கூட ஆகலாம். சாந்தாமணியின் இடுப்பு, டாக்டர் காகிதம் கொடுக்கும் அளவுக்குச் சற்றுக் கீழே நின்றிருந்தது. இன்னும் இரண்டு மாதம் இதே வேகத்தில் போனால் தைக்குள் தாண்டிவிடும். எழுதாமல், மாத்திரை அதிகமாகி மயங்கினார் என்று மட்டும் சொல்லிவிட்டால்?

டாக்டர் ஷாகிரா என் முகத்தைப் படித்திருக்க வேண்டும். "பொங்கியண்ணனுக்கு மாத்திரையை நான் குறைச்சுடறேன். அறிக்கை நாளைக்குப் போகணும். எழுதப்போறது நீதான் வெண்பா. நான் வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடுவேன். ஆனா பொய்யா இருந்தா எனக்குத் தெரியும்."

மறுநாள் காலையில் கல்லங்காட்டுவலசுக்குப் போனேன். சாந்தாமணி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் செய்தது என்ன என்பதை, அரிசி மில்லில் ஆரம்பித்துக் கணையம்வரை விளக்கினேன். பாதியிலேயே அவருடைய கை நின்றுவிட்டது. உரித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எலும்புக்குள் தண்ணீர் இருக்கிறதா, அது அலம்புமா, ஆட்டுக்கும் அப்படித்தானா என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். கடைசியில், எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்பதையும் சொன்னேன்.

"மத்தவிங்களுக்கெல்லாம் இப்ப ஏறுறதில்லீங்களா?"

"ஏறுது. ரொம்ப மெதுவா. அவங்க அவங்க சொந்த நடையையேதான் கேட்டுட்டிருக்காங்க."

"நீங்க எழுதினா அவிங்களுக்கும் இரவல் கிடைக்குமா?"

"கிடைக்கும். உடனே இல்ல. ஆனா கிடைக்கும்."

அவர் வெங்காயத்தை முறத்தில் போட்டார். "மாத்திரை வராத காலத்துல, வூட்டுல ஒளிச்சு வெச்சுட்டு இல்லைன்னு சொன்னவ எங்க சென்டர்ல ஒருத்தி கிடையாதுங் அம்மிணி. மொத ஆளா என்னைய ஆகச் சொல்றீங்களா?"

அவர் உள்ளே போய்ப் பட்டையைக் கொண்டுவந்தார். எதிர்வீட்டில், முந்தின இரவே மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்த பொங்கியண்ணனுக்குக் குரல் கொடுத்து இன்னொன்றையும் வாங்கினார். இரண்டையும் அந்த மஞ்சள் பையிலேயே போட்டு என்னிடம் நீட்டினார்.

"பையத் திருப்பிக் குடுத்துருங். நல்ல பை."

அந்தத் தையில் அவர் ஆடவில்லை. மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பொங்கியண்ணன் கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாட்டு ஆரம்பித்ததும் நாற்காலிக்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்கள் அசைவதைப் பார்த்தேன். சாந்தாமணி முழு ஆட்டத்தையும் இமைக்காமல் பார்த்தார். முடிந்ததும் எழுந்து, என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்துபோய்விட்டார். அந்த ஒரு நடைதான் இந்த ஆய்வின் விலை. எந்தக் கருவியும் அதைப் பதியவில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அனுமதி நாங்கள் பயந்ததைவிடச் சீக்கிரம் வந்தது. நடைக் களஞ்சியம் என்று ஒன்றை அமைத்தோம். யார் வேண்டுமானாலும் தங்கள் நடையைக் கொடுக்கலாம். பெயர் நீக்கி எண் மட்டும் போடுவோம். யாருடைய எலும்பில் யார் நடக்கிறார்கள் என்பதை வெளியே சொல்லக்கூடாது. பட்டையில் நடையை ஏற்றும் எனக்கு மட்டும் தெரியும். முதல் எண் சாந்தாமணியின் கும்மி. படியேறுபவர்கள், தறி மிதிப்பவர்கள், கபடி ஆடும் பெண்கள் எல்லோரும் கொடுத்தார்கள். எலும்புக்கு எதுவும் பழகிவிடாதபடி மாதத்துக்கு ஒருமுறை நடையை மாற்றினோம், சர்க்கரை மாத்திரையைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தோம். நத்தைகள் ஓடத் தொடங்கின. ஒவ்வொரு ஸ்கேன் வரும்போதும் எங்கள் அறையில் கைதட்டல் கேட்கும். ஆறு மாதத்தில், எலும்பு தேய்ந்த எல்லா முதியவர்களுக்கும், ஹெச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கும், பட்டையைத் திறந்துவிட்டோம்.

பொங்கியண்ணனுக்கு ஒரே குறை. இப்போது தன் எலும்பில் ஓடுவது யார் என்று நான் சொல்ல மறுக்கிறேன் என்பது. "ஆம்பளையா பொம்பளையான்னாவது சொல்லுங். வளவுல கேக்கறாங்க" என்பார்.

அடுத்த தைக்கு முன்பு சாந்தாமணி காகிதத்தை வாங்கிவிட்டார். கோட்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது அவருடைய இடுப்பு. நாகேஸ்வரி டீச்சர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மூன்றாவது வட்டத்தில் இடம் கொடுத்தாராம்.

ஒரு மாலை, பயிற்சி நடக்கும் கோயில் மைதானத்துக்கு நானும் போனேன். மேட்டில் நின்று டீச்சர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் அறுபத்திரண்டு ஆகிவிட்டது. மழைக்காலத்தில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார், எலும்பு தேய்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. சேலைக் கொசுவத்துக்கு மேலே பட்டையின் விளிம்பு லேசாகப் புடைத்துத் தெரிந்தது. அதில் நடையை ஏற்றிக் கொடுத்தது நான்தான்.

"எல்லாரும் கவனிங்க" என்றார் டீச்சர். "இந்த வருசம் நம்ம குழுவுக்குன்னு ஒரு புது அடவு. எந்த ஊர்லயும் கிடையாது. நானா யோசிச்சது இல்ல, ஆடிட்டிருந்தேன், காலுக்குத் தானா வந்துச்சு. திரும்பறப்ப இடது குதிகாலை ரெண்டு தட்டுத் தட்டணும். இப்படி."

டக்டக்.

மூன்றாவது வட்டத்தில் சாந்தாமணியின் தலை சட்டென்று நிமிர்ந்தது. டீச்சரின் காலைப் பார்த்தார். டீச்சரின் இடுப்பைப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த என்னைத் தேடிப் பார்த்தார். நான் விதிப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

பாட்டு தொடங்கியது. சுற்றிலும் முந்நூறு பெண்கள் தடுமாறினார்கள். ஒற்றைத் தட்டு, மூன்று தட்டு, வலது காலில் தட்டு. டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார். மேட்டிலிருந்து இறங்கி, மூன்றாவது வட்டத்துக்கு வந்து, சாந்தாமணியின் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"சாந்தாமணியக்காவைப் பாருங்க. ஒருதடவை காட்டினதுக்கே எவ்வளவு சுத்தமா வருது. யாருகிட்டக்கா கத்துக்கிட்டீங்க?"

சாந்தாமணி டீச்சரைப் பார்த்தார். வாயில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. பிடித்த கையை டீச்சர் இன்னும் விடவில்லை.

"உங்ககிட்டத்தானுங் டீச்சர்."